முதல் சம்பளக்காரர்களுக்கு: மாதக் கணக்கும் ஆண்டுக் கணக்கும்

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் கையில் ஏன் காசு தங்குவதில்லை என்று கேட்டால் டீக்கடை, சினிமா, ஓட்டல் பார்சல் என்று வரிசையாகப் பழி விழும். இவற்றில் காசு கரைவது உண்மைதான். ஆனால் இவை யாரையும் அவ்வளவு எளிதில் கடன்காரர் ஆக்குவதில்லை. கடன் வாங்க வைப்பவை வேறு: தீபாவளித் துணி, ஆவணி முகூர்த்தங்களின் மொய், வண்டிக் காப்பீடு, ரூம் மாறும்போது கேட்கும் அட்வான்ஸ். இவை வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். எந்த மாதம் வரும் என்பதுகூடத் தெரியும். ஆனாலும் மாதச் செலவுப் பட்டியலில் இவற்றுக்கென ஒரு வரிகூட எழுதியிருப்பதில்லை. வந்து நிற்கும்போது திடீர்ச் செலவு என்று பெயர் வைத்து, கைமாற்றோ லோன் ஆப்போ தேடுகிறோம். இந்தக் கட்டுரையில் ஆண்டுச் செலவுக்கு அதிக இடம் கொடுத்திருப்பது அதனால்தான்.

ஓர் உதாரணத்தை வைத்துக்கொண்டு போவோம். சென்னையில் நண்பர்களோடு ரூம் எடுத்துத் தங்கியிருப்பவர், ஊரில் உள்ள வீட்டுக்கு மாதாமாதம் பணம் அனுப்புபவர், பிடித்தம் போகக் கைக்கு 22,000 ரூபாய் வாங்குபவர். உங்கள் தொகைகள் வேறாக இருக்கும். செய்ய வேண்டிய வரிசை மாறாது.

கைக்கு வருவது எவ்வளவு

வேலைக்குச் சேரும்போது தரும் கடிதத்தில் ஆண்டுச் சம்பளம் என்று ஒரு தொகை இருக்கும். அதைப் பன்னிரண்டால் வகுத்து மாதச் சம்பளம் என்று நினைத்துவிடாதீர்கள். நிறுவனம் தன் பங்காகக் கட்டும் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி), கிராஜுவிட்டி (பணிக்கொடை) ஆகியவற்றையும் பல இடங்களில் அந்தத் தொகைக்குள்ளேயே சேர்த்துக் காட்டுவார்கள். உங்கள் பங்காக, அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையில் 12 சதவீதம் பிஎஃப் பிடிக்கப்படும். மாத ஊதியம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீட்டுக்கு 0.75 சதவீதம் போகும். அந்தப் பிடித்தத்துக்கு ஈடாக உங்களுக்கும் குடும்பத்துக்கும் இஎஸ்ஐ மருத்துவமனையில் சிகிச்சை உண்டு என்பதால் அட்டையைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

புதியவர்களைத் தடுமாற வைப்பது தொழில் வரி. தமிழ்நாட்டில் இதை அரையாண்டுக்கு ஒருமுறை பிடிக்கிறார்கள். அதிகபட்சம் 1,250 ரூபாய். ஆண்டில் இரண்டு மாதம் சம்பளம் அந்த அளவுக்குக் குறைந்து வரும். எந்த மாதங்கள் என்று அலுவலகத்தில் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். திட்டம் போடும்போது குறைவாக வரும் மாதத்தின் தொகையை எடுத்துக்கொள்வது நல்லது. ஓவர்டைம், இன்சென்டிவ் பணத்தை வரவில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். வந்தால் அது எங்கே போக வேண்டும் என்பதைப் பின்னால் சொல்கிறோம்.

முப்பது நாள் எழுதிப் பார்ப்பது

ஒரு சம்பளத் தேதியிலிருந்து அடுத்த சம்பளத் தேதி வரை, செலவு செய்த ஒவ்வொரு ரூபாயையும் எழுதுங்கள். முதல் தேதியிலிருந்து முப்பதாம் தேதி வரை என்று வைத்தால் இரண்டு சம்பளங்கள் ஒரே மாதத்தில் கலந்து குழப்பும். தலைப்புகள் ஏழுக்கு மேல் வேண்டாம். இருபது தலைப்பு போட்டவர்கள் இரண்டாவது வாரத்தில் நிறுத்திவிடுவார்கள்.

எல்லாம் யுபிஐயில்தானே போகிறது, செல்போனிலேயே கணக்கு இருக்கிறதே என்று தோன்றும். ஆப்பைத் திறந்து பத்து நாள் முந்தைய பட்டியலைப் பாருங்கள். டீக்கடை, காய்கறி வண்டி, ஜெராக்ஸ் கடை எதுவும் கடைப் பெயரில் இருக்காது. கடைக்காரர் பெயரிலோ அவர் வீட்டில் வேறு யார் பெயரிலோ இருக்கும். முகம் தெரியாத ஒரு பெயருக்கு 140 ரூபாய் போயிருக்கிறது என்பதைத் தவிர உங்களுக்கு எதுவும் நினைவு வராது. அதனால் பணம் அனுப்பும்போதே, தொகைக்குக் கீழே உள்ள குறிப்புக் கட்டத்தில் 'டீ', 'காய்', 'பெட்ரோல்' என்று ஒரு சொல் போட்டுவிடுங்கள். ஏடிஎம்மில் எடுத்த 2,000 ரூபாயைச் செலவு என்று எழுதக் கூடாது. அது எதற்கெல்லாம் போனதோ அதைத்தான் எழுத வேண்டும்.

நண்பர்களோடு சாப்பிட்ட பில்லிலும் ஒரு சிக்கல் உண்டு. நான்கு பேருக்கு 900 ரூபாய் பில்லை நீங்கள் கட்டி, மற்ற மூவரும் 675 ரூபாயைத் திருப்பி அனுப்பினால், அந்த 675 வங்கிக் கணக்கில் வரவாக நிற்கும். நோட்டில் உங்கள் பங்கான 225 மட்டும் இருக்கட்டும். மூவரும் அனுப்பாவிட்டால் அதையும் தேதியோடு எழுதி வையுங்கள். கேட்கக் கூச்சப்பட்டு விட்ட பணம் மாதக் கடைசியில் ஒரு நல்ல தொகையாகச் சேர்ந்திருக்கும்.

இந்த முப்பது நாளில் எதையும் குறைக்க வேண்டாம். வழக்கம்போல் செலவு செய்யுங்கள். குறைத்துக்கொண்டே எழுதினால் உங்கள் உண்மையான செலவு தெரியாது. அடுத்த மாதமே பழைய இடத்துக்குத் திரும்பிவிடும், போட்ட திட்டமும் பொய்த்துப்போகும். மாத முடிவில் 'இதர' என்ற தலைப்பில் 500 ரூபாய்க்கு மேல் இருந்தால் அதை உடைத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஒளிந்திருக்கும் செலவு அங்கேதான் இருக்கும்.

மாதப் பட்டியல்

நம் உதாரணக்காரரின் 22,000 இப்படிப் பிரிகிறது:

- ரூம் வாடகையில் பங்கு: 4,500
- சாப்பாடு: 6,000
- வீட்டுக்கு அனுப்புவது: 4,000
- போக்குவரத்து: 1,500
- மின்சாரம், தண்ணீர் கேன், சோப்பு, துணி துவைப்பது: 800
- செல்போன்: 500
- ஆண்டுச் செலவு உண்டியல்: 2,000
- அவசரச் சேமிப்பு: 1,500
- கைச்செலவு: 1,200

முதல் ஆறு வரிகளும் சேர்ந்து 17,300. வேலை போனாலும் மாதம் இவ்வளவு தேவைப்படும். இந்த எண்ணை நினைவில் வையுங்கள், திரும்ப வரும்.

வாடகையும் வீட்டுக்கு அனுப்புவதும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டிவிட்டால், மற்ற இடங்களில் எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் கணக்கு நிற்காது. முதலில் அந்த இரண்டைத்தான் பேச வேண்டும். வாடகைக்கு இன்னொரு ஆளைச் சேர்ப்பது எளிது. வீட்டில் பேசுவது கடினம். பேசித்தான் ஆக வேண்டும். பே ஸ்லிப்பை அம்மா அப்பாவிடம் காட்டி, "மாசா மாசம் இவ்வளவு நிச்சயமா அனுப்புறேன், இதுக்கு மேல கைல இருக்காது" என்று முதல் மாதமே சொல்லிவிடுங்கள். கூடவே, ஆண்டில் ஒருமுறை வீட்டில் வரும் பெரிய செலவுகளையும் கேளுங்கள்: அடகில் இருக்கும் நகைக்கு வட்டி, தம்பி தங்கையின் கல்லூரிக் கட்டணம். சம்பளத்தைக் கூட்டிச் சொல்லிவிட்டு அந்தப் பெருமையைக் காப்பாற்றக் கடன் வாங்குபவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சுமையை யாரும் தூக்க வேண்டியதில்லை.

போக்குவரத்தில் குறைக்க வழி உண்டு. மாநகரப் பேருந்தில் தினமும் இரண்டு மூன்று வண்டி மாறிப் போகிறவர்களுக்கு மாத பாஸ் லாபம். பெண்களுக்குச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021இலிருந்து கட்டணம் இல்லை. புறநகர் ரயில் பாதையில் வேலை இருந்தால் சீசன் டிக்கெட்டைப் போல மலிவானது வேறில்லை. சாப்பாட்டில், மெஸ்ஸில் மாதக் கணக்கு வைத்துக்கொண்டு அங்கே போகாத நாட்களில் பார்சல் வாங்குவதுதான் வழக்கமான ஓட்டை. ஒரே வேளைக்கு இரண்டு விலை. எத்தனை நாள் உண்மையில் மெஸ்ஸில் சாப்பிட்டீர்கள் என்று நோட்டில் எண்ணி, அந்த அளவுக்கு மட்டும் டோக்கன் வாங்குங்கள்.

ஆண்டுப் பட்டியல்

ஒரு தினசரி காலண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். முகூர்த்த நாள், பண்டிகை எல்லாம் அதிலேயே அச்சாகியிருக்கும். ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை ஒவ்வொரு மாதத்துக்கும் என்ன வரும் என்று எழுதுங்கள். நம் உதாரணத்தில்: தீபாவளிக்குத் துணியும் வீட்டுக்குப் பலகாரமும் 6,000, பொங்கல் 2,500, ஊருக்குப் போய்வர ஆண்டில் நான்கு முறை, முறைக்கு 1,000 வீதம் 4,000, மொய் எட்டு இடத்தில் 500 வீதம் 4,000, வண்டிக் காப்பீடும் சர்வீஸும் 4,500, பல், கண், காய்ச்சல் என்று மருத்துவச் செலவு 2,000, செல்போன் பழுது 1,000. மொத்தம் 24,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 2,000. மேலே உண்டியல் என்று போட்ட தொகை இப்படி வந்ததுதான்.

மொய்க்கு எவ்வளவு என்று ஊகிக்க வேண்டாம். வீட்டில் மொய் நோட்டு இருக்கும். உங்கள் அக்கா கல்யாணத்துக்கோ காதுகுத்துக்கோ யார் எவ்வளவு செய்தார்கள் என்று அதில் இருக்கிறது. அவர்கள் வீட்டில் கல்யாண வயதில் யார் இருக்கிறார்கள் என்று அம்மாவைக் கேட்டால் அடுத்த இரண்டு ஆண்டுக்கான மொய்க் கணக்கு ஏறக்குறைய கிடைத்துவிடும். தாய்மாமன் முறை என்றால் 500 போதாது. சீர் என்று தனியாக ஒரு வரி எழுதி, தொகையை வீட்டுப் பெரியவர்களிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணங்கள் இல்லாததால் உண்டியல் நிறைவது அந்த மாதங்களில்தான். ஆடித் தள்ளுபடி விளம்பரங்கள் வருவதும் அப்போதுதான். தீபாவளிக்கு வாங்க வேண்டிய துணியை எழுதி வைத்துக்கொண்டு ஆடியில் வாங்கினால் மிச்சம். பட்டியல் இல்லாமல் போனால் தீபாவளிக்கு மறுபடியும் வாங்குவீர்கள்.

இந்த முறையில் முதல் ஆண்டு மட்டும் ஒரு இடறல் உண்டு. ஜூலையில் தொடங்குகிறீர்கள் என்று வைப்போம். அக்டோபர் சம்பளம் வரை நான்கு மாதத்தில் உண்டியலில் 8,000 சேர்ந்திருக்கும். ஆனால் அதற்குள் ஆவணி மொய் மூன்று இடத்தில் 1,500, தீபாவளி 6,000, ஊருக்குப் போய்வர 1,000 என்று 8,500 தேவைப்படும். 500 குறைகிறது. இதை ஜூலையிலேயே பார்த்துவிட்டால் கைச்செலவில் மாதம் 125 குறைத்துச் சரிசெய்யலாம். அக்டோபர் கடைசியில் பார்த்தால் கடன்தான். அதனால் மொத்தத்தைப் பன்னிரண்டால் வகுத்ததோடு நிறுத்தாமல், மாதா மாதம் எவ்வளவு சேரும், எவ்வளவு போகும் என்று ஒரு தாளில் ஓட்டிப் பாருங்கள்.

உண்டியலில் பணம் இருப்பதால் விலையும் குறையும். ரயில் முன்பதிவு 60 நாள் முன்பே திறக்கிறது. தீபாவளி டிக்கெட்டுக்கு அன்று காலையே பணம் வேண்டும். அப்போது கையில் இல்லாதவர்கள் கடைசி வாரத்தில் ஆம்னி பஸ்ஸுக்கு மூன்று மடங்கு கொடுக்கிறார்கள்.

ரூம் அட்வான்ஸ் இந்தப் பட்டியலில் இல்லை. அது திரும்பி வரும் பணம். ஆனால் புது ரூமுக்கு அட்வான்ஸ் கொடுத்த பிறகுதான் பழைய ரூம் அட்வான்ஸ் கைக்கு வரும், அதிலும் பெயின்ட் அடிக்க என்று கழிப்பார்கள். ரூம் மாறும் எண்ணம் இருந்தால் இந்த இடைவெளிக்கு ஆறு மாதம் முன்பிருந்தே தனியாகச் சேருங்கள்.

பணத்துக்கு மூன்று இடம்

சம்பளம் வரும் கணக்கிலேயே யுபிஐயையும் இணைத்து வைத்திருப்பதுதான் பெரும்பாலோரின் பழக்கம். வாடகைக்கும் உண்டியலுக்கும் உரிய பணம் அங்கேயே கிடக்க, திரையில் தெரியும் இருப்பு எப்போதும் பெரிதாக இருக்கும். அதைப் பார்த்துத்தான் கை நீள்கிறது.

முதல் இடம் சம்பளக் கணக்கு. வாடகை, வீட்டுக்கு அனுப்புவது, தவணைகள் எல்லாம் இங்கிருந்து போகட்டும். யுபிஐ ஆப்பிலிருந்து இந்தக் கணக்கை நீக்கிவிடுங்கள். இரண்டாவது, வேறொரு வங்கியில் செலவுக் கணக்கு. குறைந்தபட்ச இருப்பு தேவையில்லாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கு எல்லா வங்கியிலும் உண்டு. ஆனால் ஒரு வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு இருந்தால் அங்கே இதைத் திறக்க முடியாது. யுபிஐ இதில் மட்டும். மூன்றாவது, ஆண்டு உண்டியலுக்கு அஞ்சலகச் சேமிப்புக் கணக்கு. 500 ரூபாயில் திறக்கலாம், வட்டி 4 சதவீதம். எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், ஆனால் கை தானாகப் போகாது.

சாப்பாடு, போக்குவரத்து, கைச்செலவு மூன்றும் சேர்ந்து 8,700. இதை ஒரே நாளில் செலவுக் கணக்குக்கு மாற்றாமல் வாரத்துக்கு 2,000 வீதம் மாற்றுங்கள். நான்கு வாரம் போக மிஞ்சும் 700 மாதக் கடைசியின் இரண்டு மூன்று நாளுக்கு. மாற்றும் நாள் திங்கட்கிழமையாக இருக்கட்டும். வெள்ளிக்கிழமை மாற்றினால் சனி, ஞாயிறு முழுப் பணத்தோடு தொடங்கி, வேலை நாட்களில் பட்டினி. திங்கட்கிழமை மாற்றினால் சனி, ஞாயிறுக்கு மிச்சம் இருப்பதுதான் கிடைக்கும். சினிமாவா பிரியாணியா என்பதை அந்த மிச்சமே முடிவு செய்யும்.

தானாகப் போகும் பிடித்தங்களை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். யுபிஐ ஆப்பில் ஆட்டோபே என்ற பகுதியில் எல்லாம் வரிசையாக இருக்கும். பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன் தகவல் வர வேண்டும் என்பது விதி. அந்த எஸ்எம்எஸ்ஸைப் படிக்காமல் அழிப்பவர்கள்தான் பார்க்காத ஓடிடிக்கு ஆண்டு முழுக்கப் பணம் கட்டுகிறார்கள். வேலை மாறினால் பழைய சம்பளக் கணக்கையும் கவனியுங்கள். சில மாதம் சம்பளம் வராவிட்டால் அது சாதாரணச் சேமிப்புக் கணக்காக மாறி, குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று அபராதம் ஏறலாம். தேவையில்லை என்றால் எழுதிக் கொடுத்து மூடுங்கள்.

அவசரப் பணம்

மாதம் 1,500 ரூபாயை வங்கியில் 12 மாத ஆர்டியில் (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) போடுங்கள். பிடிக்கும் தேதி சம்பளத்துக்கு இரண்டு நாள் கழித்து இருக்கட்டும். அதே நாள் வைத்து, சம்பளம் ஒரு நாள் தள்ளிப்போனால் தவணை தவறும். 6.5 சதவீத வட்டியில் ஆண்டு முடிவில் சுமார் 18,600 கிடைக்கும். முன்பு சொன்ன 17,300, அதாவது ஒரு மாதத் தேவை, ஓராண்டில் கைக்கு வந்துவிட்டது. அதை எஃப்டியாக (நிலை வைப்பு) போட்டுவிட்டு அடுத்த ஆர்டியைத் தொடங்குங்கள். மூன்று மாதத் தேவை சேரும்வரை போனஸ், ஓவர்டைம், இன்சென்டிவ் எல்லாம் இங்கேதான் வர வேண்டும்.

எஃப்டியை இடையில் உடைத்தால் வட்டியில் சிறிது குறைப்பார்கள். அதற்குப் பயந்து பணத்தைத் தொடாமல் வெளியில் கடன் வாங்குவது தவறு. உடைப்பதற்காகத்தான் அது இருக்கிறது. வேலை போவது, மருத்துவமனை, ஊரில் துக்கம் இவை அவசரம். செல்போன் ஆஃபர் அவசரம் இல்லை.

வங்கியில் போடும் பணத்துக்கு, ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. 2020 பிப்ரவரியிலிருந்து இந்த வரம்பு. கூட்டுறவு வங்கிகளுக்கும் இது பொருந்தும். தொடக்கக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள், நிதி நிறுவனங்கள், நிதி லிமிடெட் என்று பெயர் முடியும் அமைப்புகள் ஆகியவற்றுக்கு இந்தக் காப்பீடு கிடையாது. அவசரப் பணத்தை அங்கே வைக்க வேண்டாம்.

வட்டியைப் படிக்கத் தெரிய வேண்டும்

ஊரில் வட்டியை மாதக் கணக்கில், நூற்றுக்கு எவ்வளவு என்று சொல்வார்கள். "ரெண்டு வட்டி" என்றால் ஆண்டுக்கு 24 சதவீதம். "அஞ்சு வட்டி" என்றால் 60. கேட்கும்போது சின்ன எண்ணாக இருப்பதுதான் ஆபத்து; எப்போதும் பன்னிரண்டால் பெருக்கிப் பாருங்கள். தண்டலில் எண்ணே தெரியாது. 10,000 ரூபாய்க்கு 1,000 பிடித்துக்கொண்டு 9,000 கையில் தருவார்கள். தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். ஆயிரம்தானே வட்டி என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசலைத் திருப்பிக்கொண்டு வருகிறீர்கள், 100 நாளில் முடிந்தும் விடுகிறது. ஆண்டுக் கணக்கில் 75 சதவீதத்தைத் தாண்டும்.

வண்டிக் கடனிலும் இதே வித்தை உண்டு. ஷோரூமில் "10 பர்சன்ட்தான், ஃபிளாட் ரேட்" என்பார்கள். ஒரு லட்சம் கடன், இரண்டு ஆண்டு, வட்டி 20,000, மாதத் தவணை 5,000. இரண்டாவது ஆண்டில் நீங்கள் வைத்திருக்கும் கடன் பெரும்பாலும் பாதிக்கும் கீழே, வட்டியோ முழு ஒரு லட்சத்துக்கும் போடப்பட்டிருக்கிறது. குறையும் அசலின் மீது கணக்கிட்டால் இது ஆண்டுக்கு சுமார் 18 சதவீதம். வங்கியில் 12 சதவீதம் என்று சொன்னால் அதுதான் மலிவு. தனிநபர் கடன்களுக்குக் கடன் கொடுப்பவர் முக்கிய விவர அறிக்கை என்று ஒரு தாள் தர வேண்டும். அதில் கட்டணங்கள் எல்லாம் சேர்த்த ஆண்டு வட்டி விகிதம் இருக்கும். அந்த ஒரு எண்ணை மட்டும் ஒப்பிட்டால் போதும்.

கிரெடிட் கார்டில் புதியவர்கள் விழும் குழி 'குறைந்தபட்சத் தொகை'. 30,000 ரூபாய் பில்லில் 5 சதவீதமான 1,500 ரூபாயை மட்டும் கட்டுகிறீர்கள் என்று வைப்போம். மாத வட்டி 3.5 சதவீதம் என்றால் 1,050. அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 189. ஆக 1,239 வட்டிக்கே போய்விட்டது. கடனில் கழிந்தது 261 ரூபாய்தான். இதோடு முடியவில்லை: பழைய பாக்கி இருக்கும் வரை, புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லாத நாட்கள் கிடையாது, வாங்கிய அன்றிலிருந்தே வட்டி. கார்டில் ஏடிஎம் பணம் எடுத்தாலும் அப்படித்தான், தனிக் கட்டணமும் உண்டு. கார்டு வைத்திருந்தால் முழுத் தொகையும் தானாகப் பிடிக்கும்படி வையுங்கள். ஆப்பில் செலவு வரம்பை நீங்களே குறைத்துக்கொள்ளலாம், 5,000 போதும். முழுத்தொகை கட்ட முடியாத மாதம் ஒன்று வந்தால் கார்டை அன்றே நிறுத்தி வைத்துவிட்டுப் பாக்கியை முடியுங்கள்.

லோன் ஆப் செல்போனில் உள்ள தொடர்பு எண்களையும் படங்களையும் பார்க்க அனுமதி கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். ரிசர்வ் வங்கி 2022இல் வெளியிட்ட விதிகள் அதைத் தடுக்கின்றன. அனுமதி கேட்கும் ஆப் பிறகு யாரைக் கூப்பிட்டு மிரட்டும் என்பது கேட்கும்போதே தெரிந்துவிட்டது. ஏற்கெனவே மாட்டிக்கொண்டிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குச் சொல்லலாம்.

நண்பருக்காக உங்கள் பெயரில் செல்போன் தவணை எடுத்துக் கொடுக்காதீர்கள். அவர் கட்டாவிட்டால் கெடுவது உங்கள் கிரெடிட் ஸ்கோர். 300இலிருந்து 900 வரை உள்ள இந்த மதிப்பெண் பின்னால் வீட்டுக் கடனுக்குப் போகும்போதுதான் கடிக்கும். உங்கள் பெயரில் என்னென்ன கடன்கள் பதிவாகியிருக்கின்றன என்ற முழு அறிக்கையை ஒவ்வொரு கிரெடிட் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகத் தர வேண்டும். வாங்கிப் பாருங்கள்.

ஏற்கெனவே பல கடன் இருந்தால், எல்லாவற்றையும் ஆண்டு வட்டியோடு எழுதி, வட்டி அதிகமானதை முதலில் அடையுங்கள். மற்றவற்றுக்குத் தவணை மட்டும் தவறாமல் போகட்டும். அஞ்சு வட்டிக் கடனை, வீட்டில் நகை இருந்தால், வங்கியில் நகைக்கடன் வைத்து அடைப்பது சரியான முடிவு. பெண்ணின் நகையை அடகு வைப்பதா என்ற தயக்கத்தில் மாதாமாதம் போகும் வட்டியே ஒரு நகையின் விலைக்கு வந்துவிடும்.

சீட்டு, நகைச் சீட்டு

ஏலச் சீட்டைக் கெட்டது என்று ஒதுக்க வேண்டியதில்லை. எதற்குப் பொருந்தும் என்று தெரிய வேண்டும். மாதம் 1,000 வீதம் 20 பேர், 20 மாதம், 20,000 ரூபாய் சீட்டு. ஆறாவது மாதம் ஒருவர் 4,000 தள்ளி எடுக்கிறார் என்றால் அவர் கைக்கு 16,000. அந்த 4,000இல் நடத்துபவர் கமிஷன், முழுச் சீட்டுத் தொகையான 20,000க்கு 5 சதவீதம் என்றால், 1,000. மீதி 3,000 இருபது பேருக்கும் 150 வீதம் கழிவு. அந்த மாதம் எல்லோரும் 850 கட்டினால் போதும். கமிஷனுக்குச் சட்டத்தில் உள்ள உச்சவரம்பு 2019இல் 5 சதவீதத்திலிருந்து 7 ஆனது. அடுத்த ஆண்டு வண்டி வாங்க வேண்டும், தங்கை கல்யாணம் என்று தேதி தெரிந்த தேவைக்கு இது உதவும். அவசரப் பணத்துக்கு உதவாது: உங்களுக்குத் தேவைப்படும் மாதத்தில் வேறொருவர் அதிகம் தள்ளி எடுத்துவிடலாம், எடுத்தாலும் ஜாமீன் கேட்பார்கள்.

சேரும் முன் பார்க்க வேண்டியது, 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி அந்தக் குறிப்பிட்ட சீட்டு பதிவாகியிருக்கிறதா என்பது. நிறுவனம் பதிவானது என்பது போதாது. முன் அனுமதி ஆணையின் எண்ணைக் கேளுங்கள். பதிவுத் துறையின் சீட்டுப் பதிவாளரிடம் சரிபார்க்கலாம். தெருவில் தெரிந்த அக்கா நடத்தும் பதிவில்லாச் சீட்டும், தீபாவளிச் சீட்டும் நம்பிக்கையில் மட்டுமே நிற்கின்றன. போனாலும் தாங்கக்கூடிய தொகைக்கு மேல் போடாதீர்கள்.

நகைக்கடைச் சீட்டு 11 மாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. பொருளுக்காக வாங்கும் முன்பணத்தை நிறுவனம் 365 நாளுக்குள் பொருளாகத் தீர்க்காவிட்டால் அது வைப்புத்தொகை ஆகிவிடும் என்பது கம்பெனிகள் விதி. பணமாகத் திரும்பக் கிடைக்காது, காப்பீடும் இல்லை. சேரும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். கட்டும் பணம் அன்றைய விலையில் கிராமாக வரவு வைக்கப்படுமா, பணமாகவே நிற்குமா? சேதாரத் தள்ளுபடி எத்தனை சதவீதம் வரை? ஒரு பவுன், அதாவது 8 கிராம் நகைக்கு 12 சதவீதம் சேதாரம் என்றால் 0.96 கிராமின் விலையை அணியாமலே கொடுக்கிறீர்கள். மேலே 3 சதவீத ஜிஎஸ்டி. தள்ளுபடி 10 சதவீதம் வரை என்று இருந்து உங்களுக்குப் பிடித்த நகை 18 சதவீதமாக இருந்தால் மிச்சத்தை நீங்கள் கட்ட வேண்டும். சேமிப்புக்கு என்றால் தங்கக் காசாக வாங்குவது நல்லது, சேதாரம் குறைவு.

மாதம் மூன்று, ஐந்து, பத்து சதவீதம் தருகிறோம் என்று யார் வந்தாலும் ஓர் எண்ணை நினைவில் வையுங்கள். டெபாசிட் வாங்க அனுமதி பெற்ற நிதி நிறுவனம்கூட ஆண்டுக்கு 12.5 சதவீதத்துக்கு மேல் தர ரிசர்வ் வங்கி அனுமதிப்பதில்லை. அழைத்து வருபவர் சொந்த மாமாவாக இருந்தாலும் இந்த எண் மாறாது.

காப்பீடு, பிஎஃப்

வங்கிக் கணக்கிலிருந்து ஆண்டுக்கு 20 ரூபாயில் 2 லட்சம் விபத்துக் காப்பீடும், 436 ரூபாயில் 2 லட்சம் ஆயுள் காப்பீடும் மத்திய அரசுத் திட்டங்களாக உள்ளன. மே கடைசியில் பிடிப்பார்கள், அன்று கணக்கில் பணம் இருக்க வேண்டும். பெற்றோரின் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டைக்கு விண்ணப்பியுங்கள். உறவினர் முகவராக இருந்து, ஆண்டுக்கு 15,000 கட்டும் பாலிசியை எடுக்கச் சொன்னால், அவசரப் பணம் சேரும்வரை மரியாதையாகத் தள்ளிப் போடுங்கள். இரண்டு ஆண்டு கட்டி நிறுத்தினால் கட்டியது முழுவதும் திரும்பக் கிடைக்காது.

வேலை மாறும்போது பிஎஃப் பணத்தை எடுத்துச் செலவழிப்பது பரவலான தவறு. 2024-25க்கு அதன் வட்டி 8.25 சதவீதம், பெரும்பாலான வங்கி ஆர்டிகள் இவ்வளவு தருவதில்லை. ஐந்து ஆண்டு தொடர்ச்சி இல்லாமல் எடுத்தால் வரியும் வரலாம். பத்து ஆண்டுப் பணி சேர்ந்தால்தான் ஓய்வூதிய உரிமை. புது நிறுவனத்தில் உங்கள் பிஎஃப்புக்கான பழைய யுஏஎன் எண்ணையே கொடுங்கள். பழைய கணக்கில் உள்ள பணம் புதியதற்கு மாறிவிட்டதா என்று பாஸ்புக்கில் பாருங்கள். பெயரிலோ பிறந்த தேதியிலோ ஆதாரோடு ஓர் எழுத்து வேறுபாடு இருந்தாலும் பணம் நின்றுவிடும், அதை வேலையில் இருக்கும்போதே திருத்துங்கள்.

சம்பளத்துக்கு முந்தின நாள்

மாதம் ஒருமுறை, சம்பளம் வருவதற்கு முந்தின நாள் இருபது நிமிடம் ஒதுக்குங்கள். நோட்டில் ஒவ்வொரு தலைப்பிலும் திட்டமிட்டது எவ்வளவு, போனது எவ்வளவு என்று பாருங்கள். ஒரே தலைப்பு மூன்று மாதம் தொடர்ந்து தாண்டினால் உங்கள் கட்டுப்பாட்டில் குறை இல்லை, திட்டத்தில் போட்ட எண்தான் தவறு. அதை உயர்த்தி வேறெதையாவது குறையுங்கள். காலண்டரில் அடுத்த இரண்டு மாதத்தைப் புரட்டி, உண்டியலில் உள்ளது போதுமா என்று பாருங்கள். மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவது, சிலிண்டர் தீரும் மாதம் இவையும் இங்கேதான் பிடிபடும். சம்பளம் உயரும்போது, உயர்ந்த தொகையில் பாதிக்கு அந்த மாதமே ஆர்டியைக் கூட்டிவிடுங்கள். மூன்று மாதம் கழித்துக் கூட்டலாம் என்றால் அதற்குள் அந்தப் பணத்துக்கு ஒரு பழக்கம் வந்து உட்கார்ந்திருக்கும்.

கடைசியாக, எல்லாக் கணக்கிலும் பிஎஃப்பிலும் வாரிசுதாரர் நியமனத்தை முடியுங்கள். பிஎஃப்புக்கு இணையத்திலேயே செய்யலாம். எந்த வங்கியில் என்ன கணக்கு, ஆர்டி எங்கே, காப்பீடு எது, யாருக்கு எவ்வளவு தர வேண்டும், யார் தர வேண்டும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பின் எண்ணும் கடவுச்சொல்லும் அதில் வேண்டாம். அந்தத் தாளை அடுத்த முறை ஊருக்குப் போகும்போது எடுத்துப்போய், ரேஷன் கார்டு இருக்கும் உறையில் வைத்து, அம்மாவிடம் இடத்தைச் சொல்லிவிட்டு வாருங்கள்.